கம்பிக்குச் சாதி இல்லை, கையெழுத்துக்கு உண்டு

"எலக்ட்ரீஷியன் வேலையில் எங்கே சாதி இருக்கிறது? வேலை தெரிந்தவனைக் கூப்பிடுகிறார்கள், தெரியாதவனை அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதானே?"

சாதி செத்துவிட்டது என்று நம்மிடம் நிறுவ வருகிறவர்கள் தவறாமல் எடுத்துவைக்கும் உதாரணம் இது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. செருப்பு தைப்பதற்குச் சாதி உண்டு, துணி வெளுப்பதற்குச் சாதி உண்டு, முடி திருத்துவதற்குச் சாதி உண்டு. மின்கம்பி இழுப்பதற்கு எந்தச் சாதி? மனு எழுதியபோது மின்சாரம் இல்லை. பைக்காரா புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932-இல்தான். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் பட்டியலில் 18 தொழில்கள் இருக்கின்றன. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துநர், செருப்பு தைப்பவர் என்று வரிசையாக வருகிறது. எலக்ட்ரீஷியன் அதில் இல்லை. 'வழிவழியாக' இந்தத் தொழிலைச் செய்து வந்த குலம் என்று ஒன்றைக் காட்ட அவர்களாலேயே முடியவில்லை.

ஆகவே இது பாட்டன் இல்லாத தொழில். இந்திய மண்ணில் இப்படிப் பிறப்புச் சான்று கேட்காமல் வந்த தொழில்கள் குறைவு. இதைவிடச் சாதிக்கு வெளியே நின்ற ஒரு வேலையைக் கற்பனை செய்வதும் கடினம்.

அப்படிப்பட்ட தொழிலுக்குள்ளும் சாதி நுழைந்திருக்கிறது என்றால், அது எந்த வழியாக நுழைந்தது என்று பார்ப்பது நமக்கு மிகவும் பயன்படும். பழைய தொழில்களில் சாதியைப் பார்ப்பது எளிது. அது பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய தொழிலில் அது வேறு உடையில் வருகிறது. வாசற்படியாக வருகிறது, உரிமமாக வருகிறது, ஒப்பந்தமாக வருகிறது.

இதை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதவில்லை. நான் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் படித்தவன். விடுமுறை நாள்களில் வீட்டு வயரிங் வேலைக்குப் போனவன். பிறகு மூன்றாண்டு ஒரு பேனல் போர்டு பட்டறையில் கம்பி முறுக்கியவன். முனைவர் பட்ட ஆய்வு அதற்கெல்லாம் பின்னால் வந்தது.

வாசற்படி

ஒரு வீடு எழும்போது எலக்ட்ரீஷியன் கால்படாத இடம் அதில் இல்லை. தளம் போடும் முன்பே சென்டரிங் பலகை மேல் ஏறி, கம்பி கட்டும் ஆள்களுக்கு நடுவே நின்று, ஃபேன் பாக்ஸ் வைத்து பைப் ஓட்டுகிறார். சுவர் எழுந்ததும் கட்டிங் மெஷினைப் பிடித்துச் சுவரைக் கீறுகிறார். அந்தத் தூசி அவர் நுரையீரலுக்குள்தான் போகிறது. முகத்தில் கட்டியிருக்கும் துண்டு எதையும் தடுப்பதில்லை. சமையலறையில் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் புள்ளி வைப்பவர் அவர். படுக்கையறையில் தலைமாட்டில் சுவிட்ச் வைப்பவர் அவர். பூசையறையில் சாமி படத்துக்கு மேலே விளக்கு எரிய வேண்டிய இடத்தை அளந்து குறிப்பவரும் அவரே.

பால் காய்ச்சும் நாள் வரைக்கும் அந்த வீடு அவருக்குத் திறந்தே இருக்கும். பால் பொங்கியதும் வாசற்படி முளைத்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே பூசையறையில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிடுவார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? மெயின் ரோட்டு மேலயா, உள்ளயா?" கேள்வி திசையைப் பற்றியது போலத்தான் இருக்கும். காலனி என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் திசை முடிவாகிவிடும். "பூசையறை வேணாம்ப்பா, அத அப்புறம் பாத்துக்கலாம். ஹால் ஃபேன மட்டும் பாத்துட்டுப் போ."

அந்தச் சுவரின் உள்ளே ஓடுகிற கம்பி ஒவ்வொன்றும் இவர் கை பட்டு இழுத்தது. சுவர் தீட்டுப்படவில்லை. வாசல்தான் தீட்டுப்படுகிறது.

தேநீரும் வரும். எவர்சில்வர் டம்ளர்கள் நிறைந்த வீட்டில் இவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். இரட்டைக் குவளைக்கு எதிராக இந்த நாடு எத்தனையோ போராட்டங்களைப் பார்த்திருக்கிறது. பேப்பர் கப் வந்ததும் அந்தப் போராட்டத்தைச் சாதி சத்தமில்லாமல் கடந்துவிட்டது. இப்போது அதற்குப் பெயர் சுகாதாரம்.

ஆயுத பூசையன்று இதே ஆள்களின் டெஸ்டருக்கும் கட்டிங் பிளையருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். கருவிக்குக் கிடைக்கும் மரியாதை அதைப் பிடித்த கைக்கு மறுநாள் காலை கிடைப்பதில்லை. கருவியைக் கும்பிட்டு உழைப்பாளியை வெளியே நிறுத்தும் இந்த வித்தையைத்தான் நம் ஊரில் 'தொழில் பக்தி' என்று மெச்சுகிறார்கள்.

கையெழுத்து

வாசற்படியைப் பற்றிப் பேசினால், "அது சில பழைய ஆள்களின் மனநிலை, தலைமுறை மாறினால் போய்விடும்" என்பார்கள். சரி, மனநிலையை விட்டுவிடுவோம். சட்டத்துக்கு வருவோம்.

மின்பாதுகாப்பு விதிமுறைகளின்படி, ஒரு கட்டடத்தின் மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். நல்ல விதி. உயிர் சம்பந்தப்பட்ட வேலை. 60 வாட் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்னோட்டம் சுமார் 260 மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாற்ற வைக்கும் ஆர்.சி.சி.பி. கருவியோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் உடம்பில் ஓடினால் இதயம் தாங்காது. ஆக, மங்கலாக எரியும் ஒரு பல்புக்குள் ஓடுவதில் ஒன்பதில் ஒரு பங்கே ஆபத்தின் எல்லை. இப்படிப்பட்ட வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க மெகர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளைக் காட்ட வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஆள்களைக் காட்ட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். விண்ணப்பத்தை நகர்த்த ஆளும் தெரிந்திருக்க வேண்டும். அப்பன் பாட்டன் சேர்த்த முதல் உள்ளவருக்கு இது ஒரு மாத வேலை. அன்றாடக் கூலிக்கு ஓடுகிறவருக்கு இது எட்டாத உயரம். ஆகவே ஊரில் வயரிங் செய்பவர்கள் நூறு பேர் என்றால் உரிமம் ஓரிருவர் கையில் இருக்கும். வேலை முழுவதையும் செய்து முடித்தவர், இணைப்பு வாங்குவதற்கான நிறைவுச் சான்றில் கையெழுத்து வாங்க அந்த ஓரிருவரிடம் போய் நிற்பார். அந்த வீட்டின் பக்கமே எட்டிப் பார்க்காதவர் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். சுவரைக் கீறி, கம்பி இழுத்து, எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடியவர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

பட்டறையிலும் இதுவேதான். பேனல் போர்டு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொழிற்சாலைகளில் மோட்டார்களை இயக்கும் இரும்புப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஓடும். ஒவ்வொரு கம்பியையும் அளந்து வெட்டி, தோல் சீவி, எண் பொறித்த ஃபெருல் மாட்டி, லக் போட்டு கிரிம்ப் செய்து, கான்டாக்டரிலும் ரிலேயிலும் சரியான முனையில் முடுக்க வேண்டும். வரைபடத்தில் பிழை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவரும் இதைச் செய்பவர்தான். ஒரு முனை தளர்ந்தால் போதும், சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடிந்து சோதித்த பிறகு ஒரு சான்றிதழ் போகும். அதில் சோதித்த பொறியாளரின் பெயர் இருக்கும், சரிபார்த்த மேலாளரின் பெயர் இருக்கும். வயரிங் செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் அடையாள அட்டையின் நிறமே வேறு. கேன்டீனில் எங்கள் மேசையும் வேறு. யாரும் விதி எழுதி ஒட்டவில்லை. அட்டையின் நிறத்தைப் பார்த்து அவரவர் தாமே உட்கார்ந்துகொண்டார்கள்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாள்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே சொல்லிவிட்டார். அடுக்கு இங்கே எப்படி அமைகிறது என்று பாருங்கள். கை மேலே இருந்து கீழே வருகிறது. பெயர் கீழே இருந்து மேலே போகிறது. கை யாருடையது, கையெழுத்து யாருடையது என்று கேட்டால் இந்தத் தொழிலின் சாதி தெரிந்துவிடும்.

கம்பம்

வீட்டிலும் பட்டறையிலும் போவது பெயர். கம்பத்தில் போவது உயிர்.

மின்வாரியம் பல பெயர்களில் பிரிந்திருந்தாலும் மக்களுக்கு அது இன்னும் 'ஈ.பி.'தான். அந்த ஈ.பி.யின் கம்பத்தில் ஏறுகிறவர் எல்லோரும் ஈ.பி. ஊழியர் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் கம்பம் நட்டு, குழி தோண்டி, கம்பி இழுத்து வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள். 2019-இல் வாரியம் 5,000 கேங்மேன் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. கேட்ட படிப்பு 5-ஆம் வகுப்பு. உடற்தகுதித் தேர்வில் கம்பத்தில் ஏறிக் காட்ட வேண்டும். தேர்வாகி உள்ளே வந்தவர்கள் அன்று முதல் கேட்பது ஒன்றுதான்: செய்வது கள உதவியாளர் வேலை, அந்தப் பதவியைக் கொடுங்கள். வேலை வாங்கும்போது கேட்காத படிப்பை, பதவி கேட்கும்போது கேட்கிறார்கள்.

கம்பத்தில் ஏறும் முறை என்று ஒன்று உண்டு. துணைமின் நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். ஏ.பி. சுவிட்சைத் திறந்து, திறந்துவிட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். ஏன் இரண்டு பக்கமும்? லைனை நிறுத்திவிட்டாலும், யாரோ ஒருவர் கடையில் முறையான சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால் மின்சாரம் பின்னாலிருந்து திரும்பி வரும். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. கையுறை, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் நேரம் ஆகும். நேரம் யாருக்காகச் செலவிடப்படுகிறது என்பதுதான் கேள்வி. லைன் கிளியர் வாங்கும் அதிகாரம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இல்லை. அவருக்காக வேறொருவர் வாங்க வேண்டும். மழை நேரத்தில், இருட்டில், ஊரே போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கும்போது, "ஏறுப்பா, ஆஃப் பண்ணியாச்சு" என்ற வாய்வார்த்தைதான் அவருக்கான லைன் கிளியர். விழுந்து இறந்த பிறகு வரும் முதல் வாசகமும் நமக்குப் பழகிப்போனது: "அவர் எங்கள் ஊழியரே அல்ல."

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் தொழிலாளர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்போது அவர்களுக்கு மாலை போட்டோம், சோறு போட்டோம், படம் எடுத்துப் பகிர்ந்தோம். விளக்கு எரிந்ததும் மறந்தோம். பேரிடர் வந்தால் வீரர், போனால் கூலி.

சட்டம் இல்லாமல் இல்லை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 1981-இலேயே சட்டம் போட்டது. ஒப்பந்தத் தொழிலாளி வேலையில் இறந்தால் முதன்மை நிறுவனமே இழப்பீடு தரப் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்லியது. இந்தச் சட்டங்களைத் தாண்டிப் போகக் கண்டுபிடித்த வழிதான் ஒப்பந்தம். அந்த வழியில் போகும்போது இன்னொன்றும் சேர்ந்து அடிபடுகிறது. நிரந்தரப் பணியிடம் என்றால் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு, சுழற்சி முறை உண்டு, கேள்வி கேட்க வழி உண்டு. ஒப்பந்ததாரர் ஆள் பிடிக்கும்போது சுழற்சி முறை கிடையாது. மேஸ்திரி யாரோ, அவர் ஊர் எதுவோ, அவர் சாதி எதுவோ, அதுதான் அங்கே இட ஒதுக்கீடு. ஆபத்து குறைந்த வேலையும் ஆபத்து மிகுந்த வேலையும் அந்த மேஸ்திரியின் கைகாட்டலில்தான் பங்கிடப்படுகின்றன.

ஆண்டுதோறும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் 10,000 பேருக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணப் பட்டியல் சொல்கிறது. பட்டியலில் அது ஒற்றை வரி. இறந்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், எத்தனை பேர் ஒப்பந்தக்காரர்கள், என்ன சாதி என்று அந்த வரி பிரித்துக் காட்டுவதில்லை. சாதியை எண்ணாத இடத்தில் சாதி இல்லை என்று சொல்வது மிக வசதியானது.

எரிச்சல் எதன்மீது?

"அப்படியென்றால் இந்தத் தொழிலால் தலித் மக்களுக்கு நன்மையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. அந்த நன்மைதான் சிலர் கண்ணை உறுத்துகிறது.

பண்ணையில் கைகட்டி நின்றவரின் மகன் இரண்டாண்டு படித்து, பாஸ்போர்ட் எடுத்து, வளைகுடாவுக்குப் போனான். அங்கே எலக்ட்ரீஷியனாக, பிட்டராக, வெல்டராக வேலை செய்து பணம் அனுப்பினான். குடிசை மாடியானது. மாடியில் ஃபேன் சுற்றியது. நிலவுடைமையாளரின் களத்தில் போய் நிற்க வேண்டிய தேவை போனது.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் என்ன நடந்தது என்பதை இளைய தோழர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். வளைகுடா பணத்தால் தலைநிமிர்ந்த தலித் ஊர் அது. நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் உடைத்த பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்: மின்விசிறிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், டேப் ரெக்கார்டர்கள், தையல் இயந்திரங்கள். எரித்தவற்றைப் பாருங்கள்: பாஸ்போர்ட்டுகள், படிப்புச் சான்றிதழ்கள். குற்றவாளியைத் தேடி வந்தவர்கள் ஏன் ஃபேனை உடைக்க வேண்டும்? சேரியில் ஃபேன் சுற்றுவதே குற்றமாகத் தெரிந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. சான்றிதழை எரித்தது, அது ஊரைவிட்டு வெளியேறும் சீட்டு என்று தெரிந்ததால்தான்.

நம்மில் பலர் 'வெறும் ஐ.டி.ஐ.' என்று உதட்டைச் சுழிக்கும் தாளின் மதிப்பு அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

குலக்கல்வி வேறு, தொழிற்கல்வி வேறு

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். "கைத்தொழிலைப் போற்றிப் பேசுவது குலக்கல்வியில்தானே போய் முடியும்? ராஜாஜியை விரட்டியது எதற்காக? நம் பிள்ளைகள் டாக்டராக வேண்டும், நீதிபதியாக வேண்டும். வயர்மேன் ஆவதற்கா இவ்வளவு போராட்டம்?"

நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்வோம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. பெரியார் கொதித்தது அந்த 'அப்பன்' என்ற சொல்லுக்காக. சுத்தியலுக்காக அல்ல. அந்த எதிர்ப்பில் ராஜாஜி 1954-இல் பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டித்தான் தமிழ்நாடு அரசு 2024-இல் விஸ்வகர்மா திட்டத்தையும் மறுத்தது. சரியான மறுப்பு.

ஐ.டி.ஐ. இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அங்கே உன் அப்பன் என்ன செய்தான் என்று பாடத்திட்டம் கேட்பதில்லை. பறை அடித்தவர் மகனும், சலவை செய்தவர் மகளும், நிலம் வைத்திருந்தவர் பேரனும் ஒரே மேசையில் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டருக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள். தந்தை தொழிலை உடைத்துக்கொண்டு வெளியேற இந்த நாட்டில் இருக்கும் மலிவான வாசல்களில் அது ஒன்று. அதைக் குலக்கல்வியோடு சேர்த்துப் பேசுவது, தெரிந்தோ தெரியாமலோ, பார்ப்பனியத்தின் வேலையைச் செய்வதாகும். மூளை வேலை மேல், கைவேலை கீழ் என்பதைவிடப் பழைய மனு நீதி வேறு எது?

அதே ஐ.டி.ஐ.க்குள் சாதி வராமல் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யும்படி 2024-இல் பரிந்துரைத்தது. பள்ளியை விட்டு வரும் அதே மணிக்கட்டுகள்தான் ஐ.டி.ஐ.க்கும் வருகின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று அங்கே முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கம்பிக்கு நிறம் கொடுத்தது ஆள் சாகாமல் இருக்க. கயிற்றுக்கு நிறம் கொடுத்தது ஆளைக் கண்டுபிடித்து வெட்ட. இதை வகுப்பில் எந்த ஆசிரியராவது சொல்லிக்கொடுக்கிறாரா?

டாக்டர், நீதிபதி, பேராசிரியர் ஆவதற்கான போராட்டம் ஓயக் கூடாது. ஆனால் எல்லோரும் ஏணியில் ஏறி வெளியேறும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு என்ன வழி? விடுதலை என்பதை 'இந்த வேலையிலிருந்து தப்பித்தல்' என்று மட்டும் வரையறுத்தால், தப்பிக்க முடியாத லட்சக்கணக்கானவர்களை நாமே தோற்றவர்கள் என்று முத்திரை குத்துகிறோம். வேலையிலிருந்து மனிதரை விடுவிப்பது ஒரு பாதி. சாதியிலிருந்து வேலையை விடுவிப்பது மறு பாதி.

அம்பேத்கரும் மின்சாரமும்

நம் சுவரொட்டிகளில் அம்பேத்கர் எப்போதும் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தோடுதான் நிற்கிறார். அவர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர். அன்று மின்சாரமும் அந்தத் துறையின்கீழ்தான் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சக்தி வளர்ச்சி குறித்த கொள்கைக் குழுவில் அவர் பேசினார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த நாட்டின் ஏழைகளுக்கு வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது.

ஒரே மனிதர் ஒரு கையில் தொழிலாளர் உரிமையையும் மறு கையில் மின்சாரத்தையும் வைத்திருந்தார் என்பது தற்செயல் அல்ல. நிலத்தில் கட்டிப்போட்ட மக்களை நிலத்திலிருந்து அவிழ்க்கும் விசையாக அவர் மின்சாரத்தைப் பார்த்தார். அந்த விசையைக் கம்பம் கம்பமாகச் சுமந்து கொண்டுசேர்த்தவர்களை ஒப்பந்தக் கூலியாக வைத்துக்கொண்டு, ஏப்ரல் 14 அன்று அவர் சிலைக்கு சீரியல் செட் போட்டால் போதுமா?

என்ன கேட்கிறோம்?

முதலில், எண்ணுங்கள். கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களின் சமூகப் பின்னணியை நமஸ்தே திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு கணக்கெடுத்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பட்டியல் சாதியினர் என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மின்துறையிலும் அதைச் செய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், என்ன சமூகம், இறந்தவர் யார், ஊனமுற்றவர் யார் என்று வெள்ளையறிக்கை வையுங்கள்.

இரண்டாவது, 480 நாள் சட்டத்தை மின்கம்பத்துக்கும் பொருத்துங்கள். கேங்மேனைக் கள உதவியாளர் ஆக்குங்கள். ஆண்டுக்கணக்கில் கம்பம் ஏறிய அனுபவத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லைன் கிளியர் பதிவேட்டில் ஏறுகிறவர் பெயர் இருக்கட்டும். அவர் நிரந்தரமா, ஒப்பந்தமா என்பது அதற்குப் பொருட்டல்ல. பெயர் பதிவாகாமல், இரு பக்கமும் எர்த் ராடு மாட்டாமல் யாரையும் ஏற்றியது தெரிந்தால், ஏறச் சொன்னவர் மீது வழக்குப் பதியுங்கள்.

நான்காவது, உரிமத்தைத் திறந்துவிடுங்கள். தனி ஆளால் மெகர் வாங்க முடியாது, அலுவலகம் வைக்க முடியாது. பத்துப் பேர் கூட்டுறவாகச் சேர்ந்தால் முடியும். தாட்கோ இதற்குக் கருவியும் கடனும் தரலாம். ஒப்பந்ததாரர் உரிமம் அந்தக் கூட்டுறவின் பெயரில் வரட்டும். கையெழுத்தை வாடகைக்கு எடுக்கும் கேவலம் ஒழியட்டும்.

ஐந்தாவது, பெண்கள். தொழிற்சாலைகளில் மின்னணுப் பலகைகளையும் வயர் ஹார்னஸ்களையும் கோக்கும் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள். நுணுக்கமான வேலைக்கு அவர்கள் விரல் வேண்டும். ஆனால் வீட்டு வயரிங்குக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட ஊருக்கு மனம் வராது, உரிமம் கொடுக்க வாரியத்துக்கு நினைவு வராது. கூட்டுறவுகளில் பாதி அவர்களுக்கு.

இவை எதுவும் புரட்சி அல்ல. நாளைக்கே ஓர் அரசாணையில் தொடங்கக் கூடியவை. தொடங்காததற்குக் காரணம் பணமில்லாமை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏறுகிறவன் பெயர் தாளில் வந்துவிட்டால் அவன் சாவுக்கும் ஒரு கணக்கு வந்துவிடும். அந்தக் கணக்குக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அரசிடம் கேட்பது இருக்கட்டும். நம் இயக்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் மாநாடுகளின் நன்றியுரையில் கடைசி வரியாக, பேசுகிறவர் தாளை மடித்துக்கொண்டே, "மற்றும் ஒலி ஒளி அமைத்த தோழர்களுக்கும்" என்று சொல்வார். அந்தத் தோழர் முந்திய இரவு முழுக்கக் கம்பத்தில் இருந்திருப்பார். அடுத்த மாநாட்டில் அவரை மேடையேற்றுங்கள். கால் மணி நேரம் கொடுங்கள். சாதியைப் பற்றி அவருக்குச் சொல்ல இருக்கிறது.